சேணத்தில் சாரன்

மீன் வியாபாரியின் சைக்கிளில் பின்பக்கமாகக் காலைச் சுழற்றி ஏற முடியாது. கரியரில் பெட்டி இருக்கிறது. பெட்டிக்கு மேலே தராசும் இருக்கும். ஆகவே காத்தான்குடியிலோ களுவாஞ்சிகுடியிலோ விடியற்காலையில் மீன் ஏற்றிக்கொண்டு புறப்படுகிறவர் முன்பக்கமாகத்தான் ஏற வேண்டும். சைக்கிளைத் தன் பக்கம் கொஞ்சம் சாய்த்து, வலக்காலை மடக்கி, பாருக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் போட வேண்டும். இடுப்பில் இருப்பதோ சாரன், மேலும் கீழும் வாய் திறந்த ஒரு துணிக்குழாய். சந்தியில் பத்துப்பேர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனாலும் மானம் போவதில்லை. ஏறுவதற்கு முன் அவர் செய்கிற ஒரு சிறு வேலைதான் காரணம். குனிந்து, சாரனின் கீழ்க்கரையை இரண்டு கையாலும் அள்ளி, பாதியாக மடித்து இடுப்பில் செருகிக்கொள்கிறார். நாம் சண்டிக்கட்டு என்று சொல்வது இதைத்தான். ரௌடிக்கும் ஓட்டப்பந்தயக்காரனுக்கும் உரியது என்று நினைக்கிற அந்தக் கட்டுக்குள் நல்ல கேத்திர கணிதம் இருக்கிறது.

ஸ்கொட்லாந்தில் கில்ட் உடுத்தவர்கள் குதிரையில் ஏறினாலும் இதே சிக்கல்தான் வரும். அதுவும் கால்கள் தனித்தனியாகப் பிரியாத உடை. அங்கும் எதன் மீதோ இரண்டு காலையும் அகட்டி உட்கார வேண்டும். மட்டக்களப்பில் குதிரை இல்லை. இலங்கையில் குதிரைக் கூட்டம் பார்க்க வேண்டுமானால் நெடுந்தீவுக்குப் போக வேண்டும். நம்முடைய சேணம் சைக்கிளின் சீற்றுத்தான். மட்டக்களப்பு வாவியின் இருபுறமும் உள்ள எழுவான்கரையும் படுவான்கரையும் சமதரை; வாவியின் நீளம் சுமார் 56 கிலோமீற்றர்; இந்த நீளம் முழுக்க வயலுக்கும் துறைக்கும் சந்தைக்கும் சைக்கிளும் சாரனும் சேர்ந்தே போய்வந்திருக்கின்றன. மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும் முன்பு, ‘பாதை’ என்று நாம் சொல்கிற மிதவையில் சைக்கிளை ஏற்றி அக்கரை சேர்ந்து, மறுபடி சண்டிக்கட்டுக் கட்டி ஏறுவார்கள். உடையும் வாகனமும் ஒன்றோடொன்று எப்படி ஒத்துப்போகின்றன என்பதைப் பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் ஏறுவதைக் கணக்குப் போடுவோம். சாரனின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர். அதைத் தட்டையாக இழுத்துப் பிடித்தால் அகலம் 1 மீற்றர். அதாவது கீழ்க்கரை கணுக்காலில் இருக்கும்போது, இரண்டு கணுக்கால்களும் 1 மீற்றருக்கு மேல் விலக முடியாது, துணி விடாது. பெரிய ஆண்கள் சைக்கிளின் பார் தரையிலிருந்து 80, 85 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அதற்கு மேலாகக் காலைத் தூக்கும்போது இரண்டு காலுக்கும் இடையிலான கோணம் 90 பாகையைத் தொட்டுவிடும். சராசரி உயரமுள்ள ஒருவருக்குக் கணுக்கால்கள் அப்போது 1.2 மீற்றராவது விலகியிருக்கும். துணி கிழியும், அல்லது ஆள் விழுவார். அதே கோணத்தில் முழங்கால்களுக்கு இடையிலான தூரம் ஏறத்தாழ பாதி, 60 சென்ரிமீற்றர். கரையை முழங்காலுக்கு ஏற்றிவிட்டால் அதே 2 மீற்றர் வளையம் தாராளமாகப் போதும். சண்டிக்கட்டு துணியை அகலமாக்கவில்லை. அகலம் குறைவாகத் தேவைப்படுகிற உயரத்துக்குத் துணியைக் கொண்டுபோகிறது. கில்ட்டின் கீழ்க்கரை எப்போதுமே முழங்கால் நடுவில்தான் நிற்கும். பிறக்கும்போதே சண்டிக்கட்டுக் கட்டிக்கொண்டு பிறந்த உடை அது.

ஏறி உட்கார்ந்த பிறகு வேறு கணக்கு. சைக்கிளின் பார் சீற்றிலிருந்து முன்னோக்கி நீண்டு ஹாண்டிலில் முடிகிறது. சாரனின் முன்பக்கத் துணி அந்தப் பாரை ஊடுருவிக் கீழே தொங்க முடியாது. பாருக்கு மேலேதான் கிடக்க வேண்டும். ஆகவே முன்கரை எங்கே கட்டினாலும் பார் உயரத்துக்கு ஏறியே தீரும். பின்பக்கத் துணி சீற்றுக்கும் ஆளுக்கும் இடையில் சிக்கி நசுங்கியிருக்கும். அது நல்லதே: உட்கார்ந்தவரின் எடையே பின்பக்கத்தைப் பூட்டிவிடுகிறது. குதிரையில் நிலைமை இன்னும் மோசம். குதிரை முன்னாலும் நீள்கிறது, பின்னாலும் நீள்கிறது. இரண்டு பக்கக் கரையும் குதிரையின் முதுகு உயரத்துக்கு வந்துவிடும். உடை எவ்வளவு நீளம் என்பது அங்கே பொருட்டே இல்லை. இரண்டு பக்கமும் தொடையின் வெளிப்புறம் மட்டும் வழக்கம்போல் மூடியிருக்கும். நடுவில் இருப்பதைக் காப்பது சேணத்தோடு துணி ஒட்டிக் கிடப்பதுதான். அதையும் குதிரையின் துள்ளல் கெடுத்துவிடும். குதிரை துள்ளோட்டத்தில் போகும்போது சவாரிக்காரர் நிமிடத்துக்கு 70, 80 தடவை சேணத்தை விட்டு எழுந்து எழுந்து உட்கார வேண்டும். எழும் ஒவ்வொரு தடவையும் பூட்டுத் திறக்கிறது. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டுப் படைப்பிரிவுகள் கில்ட்டுக்குப் பேர்போனவை. ஆனால் அவை காலாட்படைகள். அந்தப் படைகளில் குதிரையேறும் அதிகாரிகள் காற்சட்டைக்கு மாறிக்கொண்டார்கள். அவர்களுடைய வீரத்தில் குறையில்லை, குழாய் வடிவத்தில்தான் குறை.

மனிதன் காற்சட்டையைக் கண்டுபிடித்ததற்கே குதிரைதான் காரணம் என்று தொல்லியல் அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சீனாவின் மேற்கே துர்ஃபான் பள்ளத்தாக்கில், யாங்ஹாய் என்ற இடுகாட்டில், கிறிஸ்துவுக்கு முன் 13ஆம் நூற்றாண்டுக்கும் 10ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்ட கம்பளிக் காற்சட்டைகள் கிடைத்தன. பாலைவன வறட்சி அவற்றைக் கெடாமல் வைத்திருந்தது. இரண்டு நேரான கால்கள். அவற்றுக்கு நடுவே, மையத்தில் அகன்று ஓரங்களில் படிப்படியாக ஒடுங்கும் தனித் துண்டு ஒன்று. கால் அகட்டி உட்காரும்போது துணி எங்கே போதாமல் போகுமோ, சரியாக அங்கே கூடுதல் துணி. துணியை வெட்டாமல், தறியிலேயே அந்த வடிவத்துக்கு நெய்திருக்கிறார்கள். பக்கத்தில் குதிரைக் கடிவாளமும் சவுக்கும் இருந்தன. பிறகு கிறிஸ்துவுக்கு முன் 307இல் சீனாவின் ஜாவ் நாட்டு மன்னர் வூலிங், தன் படையினர் நீண்ட அங்கியைக் கழற்றிவிட்டு வடக்கு நாடோடிகளைப்போல் காற்சட்டை போட்டுக் குதிரையேற வேண்டும் என்று ஆணையிட்டார். அரசவையில் பெரிய எதிர்ப்பு எழுந்ததாம். காட்டுமிராண்டி உடை என்றார்கள். மன்னர் தானே முதலில் போட்டுக் காட்டினார்.

தைக்காத துணியின் நாடான இங்கே விடை வேறு விதமாக வந்தது. கத்தரியும் ஊசியும் இல்லாமல் ஒரு குழாயை இரண்டு குழாயாக்க வேண்டுமானால், துணியின் நுனியைக் கால்களுக்கு நடுவே கொண்டுபோய் மறுபக்கம் செருகினால் போதும். கொடுக்குக் கட்டுவது, தார்ப்பாய்ச்சுவது, பஞ்சகச்சம் எல்லாம் இந்த ஒரே கணிதத்தின் வேறு வேறு பெயர்கள். மராட்டியப் பெண்கள் ஒன்பது கஜச் சேலையை இப்படிக் கட்டிக் குதிரையேறினார்கள். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சுவலை எறிகிறவரும் இதையே செய்கிறார்; அங்கே குதிரையின் இடத்தில் தண்ணீர். ஆனால் சைக்கிளில் கொடுக்குக் கட்டிப் போகிறவரை நான் அதிகம் கண்டதில்லை. சீற்றில் உட்காரும் இடத்தில் துணிச்சுருள் திரண்டு உறுத்தும்; இறங்கினால் அவிழ்க்க வேண்டும்; ஒரு நாளைக்கு 20 வீட்டு வாசலில் இறங்குகிற வியாபாரிக்கு அது கட்டுப்படியாகாது. சண்டிக்கட்டை ஒரு கையால் உதறிவிடலாம்.

வளைய அளவைச் சமாளித்தாயிற்று. அடுத்த எதிரி காற்று.

15 கிலோமீற்றர் வேகத்தில் சைக்கிள் ஓடினால், காற்றே வீசாவிட்டாலும், எதிரே 15 கிலோமீற்றர் வேகக் காற்று இருக்கும். அது ஒரு சதுர மீற்றர் துணியில் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ 10 நியூற்றன், அதாவது ஒரு கிலோ எடை. பருத்திச் சாரனின் எடை சதுர மீற்றருக்கு சுமார் 120 கிராம்தான். ஆக, துணியைத் தூக்கப் பார்க்கிற விசை, துணியைக் கீழே வைத்திருக்கிற விசையைப்போல் எட்டு மடங்கு. தோராயக் கணக்குத்தான், ஆனால் சேதி தெளிவானது. காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது என்பதால் திருப்பிக் கணக்குப் போட்டும் பார்க்கலாம்: சாரனின் எடைக்குச் சமமான அழுத்தம் மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்திலேயே வந்துவிடும். அது நடை வேகம். பாரத்தால் சாரன் ஒருபோதும் நிற்காது.

சண்டிக்கட்டுக் கட்டினால் இரண்டு மடிப்பு, இரு மடங்கு எடை. அப்போதும் 7 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் தாங்காது. ஆனால் வேறு இரண்டு நன்மைகள் உண்டு. காற்றுப் பிடிக்கிற பரப்புப் பாதியாகிறது. கீழே தளர்ந்த ஓரத்துக்குப் பதில் மடிப்பு வருகிறது. மடிப்பு ஓரத்தைவிட விறைப்பானது, எளிதில் படபடக்காது. மிச்சத்தைத் தொடைகள் பார்த்துக்கொள்கின்றன. எதிர்க்காற்று முன்துணியைத் தொடை மீது அழுத்தத்தான் செய்யும், அது நமக்குச் சாதகம். ஆபத்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே காற்று புகுந்து உள்ளிருந்து ஊதுவதில். பெடல் மிதிக்கும்போது ஒரு முழங்கால் மேலேயும் மற்றது கீழேயுமாக இருப்பதால் அந்த வாய் முழுசாக மூடுவதே இல்லை. அனுபவப்பட்டவர்கள் சாரனின் மடித்த கொசுவத்தை நடுவில் விடுகிறார்கள். அந்த இடத்தில் மூன்று மடிப்புத் துணி சேரும்; அது இரண்டு தொடைக்கும் நடுவில் அமுங்கி, பார் மீது உட்கார்ந்துகொள்ளும். அனுபவப்படாதவர்கள் உள்ளே கட்டைக் காற்சட்டை போட்டுக்கொள்கிறார்கள். இது விளையாட்டில் அழாப்பிதான், ஆனால் பலன் உறுதி.

கல்முனை வீதியில் போகிறவருக்கு எதிர்க்காற்று மட்டும் என்றால் பரவாயில்லை. அந்த வீதி கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலத்தில் வடக்குத் தெற்காக ஓடுகிறது. நம்முடைய காற்றுகளோ பெரும்பாலும் கிழக்கு மேற்காக வீசுகின்றன. பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். மே தொடக்கம் செப்டெம்பர் வரை கச்சான் மேற்கிலிருந்து வரும். தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் இறங்கும்போது அமுக்கத்தால் சூடேறி வறண்டு வீசுவதுதான் கச்சான். வாவி போன்ற திறந்த நீர்ப்பரப்பில் அதைத் தடுக்க மரமோ மதிலோ இல்லை; வேகம் குறையாமல் கரையேறும். ஆகவே இந்த வீதியில் எந்தப் பருவத்திலும் பக்கக் காற்றுத்தான் விதி.

சைக்கிள் 15 கிலோமீற்றர், பக்கக் காற்று 20 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் செங்கோணத்தில் சேர்ந்தால், பள்ளிக்கூடத்தில் படித்த 3, 4, 5 முக்கோணம்தான்: ஓட்டுகிறவர் உணர்கிற காற்று 25 கிலோமீற்றர். அழுத்தம் வேகத்தின் இருமடி என்பதால் அது ஏறத்தாழ மூன்று மடங்காகிவிடும், சதுர மீற்றருக்கு 2.8 கிலோ. காற்று வரும் பக்கத்துத் துணி தொடையோடு ஒட்டும். மறுபக்கத்துத் துணி, காற்று பிரிந்து சுழலும் இடத்தில் அகப்பட்டு எழும்பும். வேட்டியைவிடச் சாரன் இங்கே ஒருபடி மேல். வேட்டிக்குத் திறந்த ஓரம் உண்டு. காற்று அதை விரல்போல் பிடித்து விரிக்கும். சாரன் தைத்து மூடிய வளையம். வேட்டியோடு சைக்கிளில் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு கையால் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் ஹாண்டில் பிடிப்பதன் காரணம் இதுதான்.

இந்தக் கணக்கில் கில்ட் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். நல்ல கில்ட்டுக்கு 8 கஜம், ஏறத்தாழ 7.3 மீற்றர், தடித்த கம்பளித் துணி வேண்டும். முன்னால் இரண்டு தட்டை மடல்கள் ஒன்றன்மேல் ஒன்று. மீதித் துணி முழுவதும் பின்பக்கத்தில் நெருக்கமான கொசுவங்களாகத் தைக்கப்படும். அந்தத் துணி சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 350 கிராம் என்று கொண்டால், பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு படை சேர்ந்து சதுர மீற்றருக்கு 4 கிலோ அளவுக்கு வந்துவிடும். இதை மேலே தூக்க மணிக்கு 30 கிலோமீற்றர் வேகக் காற்று வேண்டும். பிட்டத்துப் பாரம் அவ்வளவு. முன்பக்கத்தின் இரண்டு மடலோ 12 கிலோமீற்றர் வேகத்திலேயே தளரத் தொடங்கும். முன்னால் தொங்குகிற தோல் பை அவற்றை அமுக்கி வைக்க உதவுகிறது. மேல் மடலின் கீழ்மூலையில் கனத்த ஊசி ஒன்று குத்தப்படுகிறது. குளிர்நாட்டுக்கு இந்தப் பாரம் பொருந்தும். இங்கே வைகாசி வெயிலில் இடுப்பில் இரண்டு கிலோ கம்பளியைக் கட்டிக்கொண்டு படுவான்கரைக்கு சைக்கிள் மிதித்தால், மானம் தப்பும், ஆள் தப்பமாட்டார். சாரன் இலேசாக இருப்பது குறைபாடல்ல. காற்று உள்ளே புகுந்து வியர்வையை உலர்த்த வேண்டும் என்பதே அதன் வேலை. காற்றை உள்ளே விடவும் வேண்டும், விடவும் கூடாது என்பதுதான் நம் தட்பவெப்பத்தில் சாரனுக்கு இருக்கிற இக்கட்டு.

இனி இடுப்புக்கு வருவோம். கில்ட்டுக்கு வாரும் கொளுக்கியும் உண்டு. சாரனுக்கு ஒன்றுமில்லை. உட்கார்ந்தால் வயிறு விரியும், எழுந்தால் சுருங்கும். பெடல் நிமிடத்துக்கு 60 சுற்று என்றால் ஒரு மணி நேரத்தில் இரண்டு தொடையும் சேர்ந்து 7200 தடவை துணியை இழுத்துத் தளர்த்தப் பார்க்கின்றன. ஆனாலும் அவிழ்வதில்லை. காரணத்தை 18ஆம் நூற்றாண்டில் ஒய்லர் என்ற கணித மேதை எழுதிவைத்தார்; வாவித் துறையில் தோணி கட்டுகிறவருக்கு அதற்கு முன்பே தெரியும். தோணிக் கயிற்றை முளைக்கட்டையில் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒரு சிறுவன் நுனியைப் பிடித்தே தோணியை நிறுத்திவிடலாம். உராய்வு, சுற்றிய கோணத்தோடு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது.

சாரனின் 2 மீற்றர் வளையத்தில் இடுப்புக்குத் தேவை 85 சென்ரிமீற்றர். மிச்சத்தைத் தட்டையாக மடித்து இடுப்போடு சுற்றினால் ஏறத்தாழ அரைச் சுற்றுக்கு மேல் வரும். கரடான பருத்தி பருத்தியோடு உரசும்போது உராய்வுக் கெழு 0.5 என்று வைத்தால், அரைச் சுற்று செருகலின் பிடியை ஏறத்தாழ 5 மடங்காக்கும். வழுவழுப்பான செயற்கை இழையில் கெழு பாதி என்றால், அதே அரைச் சுற்று 2 மடங்குக்குச் சற்றே மேல்தான் கொடுக்கும். மருதமுனைக் கைத்தறிச் சாரன் இடுப்பில் நிற்பதும், மலிவான பொலியெஸ்டர் சாரன் வழுகுவதும் நெசவாளரின் கைராசி மட்டுமல்ல, இந்தப் பெருக்கலும்தான். மேல்விளிம்பை வெளியே சுருட்டிவிடுவது பிடியை இன்னும் கூட்டும். இத்தனையையும் நம்பாதவர்கள், வியாபாரிகள் கட்டுகிற அந்த அகலப் பெல்ட்டைக் கட்டிக்கொள்ளலாம். காசு வைக்கவும் இடம் கிடைக்கும்.

இதே பெருக்கல் எதிரியாகவும் மாறும். துணி சக்கரத்தில் சிக்கினால் நடப்பதும் ஒய்லரின் கணக்குத்தான். மோட்டார் சைக்கிள் 40 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது பின்சக்கரம் செக்கனுக்கு ஏறத்தாழ 6 தடவை சுற்றுகிறது. சேலைத் தலைப்போ அபாயாவின் ஓரமோ சக்கரத்தின் நடுக்குடத்தில் சிக்கினால் செக்கனுக்கு இரண்டு மீற்றர் அளவில் துணி உள்ளே போகும். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டாலே உராய்வு 150 மடங்காகும்; எந்தக் கையாலும் பிடித்து இழுக்க முடியாது. ஓட்டுகிறவர் உணர்ந்து பிரேக் பிடிக்கும் முன் எல்லாம் முடிந்துவிடும். 1927 செப்டெம்பர் 14இல், பிரான்சின் நீஸ் நகரில், நடனக் கலைஞர் இசடோரா டங்கன் திறந்த காரில் புறப்பட்டபோது அவருடைய கழுத்துத் துணி சக்கரத்தில் சுற்றித்தான் இறந்தார். மோட்டார் சைக்கிளின் பின்னால் இருக்கிறவர் தலைப்பை மடியில் வைத்துக்கொள்வதில் கவனக்குறைவு கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் கத்துவது வீண் கத்தல் அல்ல.

இதில் என் கட்சி ஒன்று உண்டு. உடை உடுத்தவரை அடக்கச் சொல்வதைவிட, இயந்திரத்தை அடக்கச் சொல்வது நல்லது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி அதைத்தான் செய்கிறது: மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும், பின்சக்கரத்தின் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும், துணி சிக்கக் கூடாது. சேலைக் காப்பு என்று நாம் சொல்கிற அந்தக் கம்பிச் சட்டம் இப்படி வந்தது. பழைய பெரிய சைக்கிள்களில் சங்கிலியை முழுசாக மூடிய தகரக் கவர் இருந்தது. சாரன்காரருக்கு அதைவிடப் பெரிய உபகாரி இல்லை. பிறகு மௌண்டன் பைக் வந்தது. மலையே இல்லாத மட்டக்களப்பில் மலையேறும் சைக்கிள்! மூன்று பல்சக்கரம், மூடாத சங்கிலி, கிரீஸ் பூசிய பற்கள். சாரனின் வலப்பக்கக் கரையில் கறுப்பு அரைவட்டம் விழுந்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை. இளைஞர்கள் சாரனைக் கைவிட்டுக் காற்சட்டைக்கு மாறியதில் நாகரிகத்துக்கு எவ்வளவு பங்கு, அந்தத் திறந்த சங்கிலிக்கு எவ்வளவு பங்கு என்று யாராவது ஆராயலாம்.

சைக்கிளின் பிறப்பிலேயே இந்தச் சண்டை இருக்கிறது. 1885இல் இங்கிலாந்தின் கொவென்ட்ரியில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி செய்த ரோவர் சைக்கிள், இன்றைய சைக்கிளின் முன்னோடி. பின்னால் வந்த வைர வடிவச் சட்டத்தில் பார் மேலே ஓடுவது அழகுக்கல்ல. முக்கோணம் மட்டுமே பக்கங்கள் வளையாமல் வடிவம் மாறாதது. பாரைத் தாழ்த்தினால் பாவாடைக்கு வழி கிடைக்கும், ஆனால் சட்டம் முறுகும். அதை ஈடுசெய்யத் தடித்த குழாய் போட வேண்டும். லேடீஸ் சைக்கிள் ஜென்ஸ் சைக்கிளைவிடப் பாரமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். இலண்டனில் அலிஸ் பைகிரேவ் என்ற தையற்கலைஞர் 1895இல் எதிர்த்திசையில் யோசித்தார். சைக்கிளை விட்டுவிட்டுப் பாவாடைக்குள்ளேயே கயிறும் கப்பியும் தைத்தார். இடுப்பிலிருந்து இழுத்தால் முன்கரையும் பின்கரையும் உயரும், இறங்கியதும் விட்டால் கீழே விழும். காப்புரிமையும் பெற்றார். நம்முடைய மீன் வியாபாரி கப்பியில்லாமல் செய்வதை அவர் கப்பியோடு செய்தார்.

ஒருபக்கமாக உட்காருவது இன்னொரு பழைய வழி. ஐரோப்பாவில் பெண்களுக்கென்று கொம்பு வைத்த பக்கச் சேணம் இருந்தது. நமக்கு மோட்டார் சைக்கிளின் பின்சீற்று. இரண்டு காலும் இடப்பக்கம், வீதியோரம் பார்த்து. இப்படி உட்காரும் 55 கிலோ எடையுள்ளவரின் பாரமையம் நடுக்கோட்டிலிருந்து 6 சென்ரிமீற்றர் விலகியிருந்தால், வண்டியும் இரண்டு பேருமாக 250 கிலோவின் பாரமையம் ஒன்றேகால் சென்ரிமீற்றர் இடப்பக்கம் நகரும். அதைச் சரிக்கட்ட ஓட்டுகிறவர் வண்டியை ஏறத்தாழ ஒரு பாகை வலப்பக்கம் சாய்த்தே ஓட்ட வேண்டும். நேர்வீதியில் தெரியாது. கச்சான் அடிக்கும்போதும் வளைவிலும் தெரியும். மானத்துக்கு இது மிகப் பாதுகாப்பானது. உயிருக்கு அவ்வளவு அல்ல. பற்றிக்கொள்ளத் தொடையும் இல்லை, ஊன்ற மறுகாலும் இல்லை.

உருப்படியான விடை 1946இல் இத்தாலியில் வந்தது. பியாஜ்ஜியோ நிறுவனத்துக்கு வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ ஹெலிகொப்டர் பொறியியலாளர். அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது. காலைத் தூக்கிப் போட வேண்டியிருப்பது, சங்கிலி எண்ணெய் உடையில் தெறிப்பது எல்லாம் அவருக்கு எரிச்சல். எஞ்சினைப் பின்னால் மூடி வைத்தார், சங்கிலியை ஒழித்தார், நடுவைத் திறந்துவிட்டார், முன்னால் ஒரு தகட்டைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தினார். இன்று நம் வீதிகளில் ஓடும் ஸ்கூட்டிகள் அந்த வடிவத்தின் பேரப்பிள்ளைகள். அவற்றின் பெல்ட்டும் மூடிக்குள்ளேயே சுற்றுகிறது. முழங்கால்கள் சேர்ந்திருக்கலாம், கரை கணுக்காலிலேயே நிற்கலாம், வளையக் கணக்கே தேவையில்லை.

2013இல் திறந்த கல்லடிப் புதுப் பாலத்தில் காலை ஏழேகாலுக்கு நின்றால், சேலை உடுத்த ஆசிரியைகள் ஸ்கூட்டிகளில் வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். முன்தகடு ஓட்டக் காற்றை மறிக்கும். வாவிக்கு மேலால் வருகிற பக்கக் காற்றுக்கு உதவாது. அதற்காகத் தலைப்பை முன்னே இழுத்து இடுப்பில் செருகி, தோளில் ஒரு பின்னும் கொசுவத்தில் ஒரு பின்னும் குத்தியிருப்பார்கள். கில்ட்காரர் தன் ஊசியை மேல் மடலில் மட்டும் குத்துவார். இரண்டு மடலையும் சேர்த்துக் குத்தினால் காலை அகட்ட இடமில்லாமல் துணி கிழிந்துவிடும். ஸ்கூட்டியில் காலை அகட்ட வேண்டிய தேவையே இல்லை, ஆகவே எல்லா மடிப்பையும் சேர்த்துத் தாராளமாகக் குத்தலாம்.